ஒண்ணே ஒண்ணு இருக்கு சார்

மலை உச்சி ரிசார்ட்டுல ஒரு பழைய ஒயின் பாட்டில் இருந்துச்சு. இருபது வருஷமா யாரும் தொடல. கார்க் காஞ்சு, உள்ள லேசா புளிப்பு தட்ட ஆரம்பிச்சிருச்சு. இந்த மாசம் யாராவது குடிச்சாத்தான் அது ஒயின், இல்லன்னா வினிகர்.

அன்னிக்கு ஒயின் லிஸ்டுக்கு மார்க் போட ஒரு நடுவர் வந்தாரு. ஜன்னலுக்கு வெளிய பள்ளத்தாக்கு பூரா மேகம். அவரு லிஸ்டை விட்டு நிமிரவே இல்ல.

"பெருசு, இன்னிக்கு உனக்கு விடிவுகாலம்"னுச்சு, கார்க் பிடுங்குற திருகாணி.

"சும்மா ஆசை காட்டாதடா."

நடுவரோட விரல் பாட்டில் பேர்ல வந்து நின்னுச்சு. "அடேயப்பா! இது இருக்கா உங்ககிட்ட?"

பாட்டிலுக்குச் சந்தோஷம் கழுத்து வரைக்கும் தளும்புச்சு.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். திறக்கட்டுங்களா?"ன்னாரு மேனேஜர்.

"ஐயய்யோ! திறந்துட்டா லிஸ்டுல பேரை அடிக்கணுமேய்யா. இந்தப் பேருக்குத்தான் முதல் பரிசே! எனக்குச் சூடா ஒரு இஞ்சி டீ சொல்லுங்க."

எல்லாரும் கை தட்டுனாங்க. பாட்டிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுனாங்க.

"டேய், வெளிய என்னமோ ஒட்டுறாங்களே, என்னடா எழுதியிருக்கு?"

வெளிய மேசையில கிடந்த திருகாணி எட்டிப் பாத்துச்சு.

"'தொடாதீர்கள்'னு போட்டிருக்கு, பெருசு."