வெந்நீர் மேடு

"இப்பல்லாம் ஊர்ப் பொது நிலம்னா கேக்க நாதியில்லாதது மாதிரி. எவன் வந்து கேட்டாலும் தூக்கிக் குடுத்துடறானுவ."

கிராமசபைக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றார் கொளஞ்சியப்பன்.

கடலூரிலிருந்து வந்திருந்த அதிகாரி செந்தமிழ்ச்செல்வன் சிரித்தார். "குடுக்கலைங்க ஐயா, குத்தகைதான். மேய்ச்சல் புறம்போக்கு கவர்மெண்ட் பேர்லயே இருக்கும். மொதல்ல துளை போட்டு, பூமிக்குள்ள சூடு எவ்வளவுன்னு பாப்பாங்க. தேறுச்சுன்னா ஏலம் விடுவோம். எடுக்கிற கம்பெனி அந்தச் சூட்டுலேருந்து கரண்டு எடுக்கும். முப்பது வருசம் கழிச்சு துளைய மூடிட்டு நிலத்தைத் திருப்பிக் குடுத்துடணும்."

"அப்ப நீயும் இங்க இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். யாருகிட்ட யாரு வாங்கறது?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"வேலி போடுவீங்களா?"

"போடுவாங்க."

"வெந்நீர் மேடு உள்ள போயிடும்."

"ஆமாங்க."

எந்தக் காலத்திலோ எண்ணெய் தேடிக் குழாய் இறக்கி, எண்ணெய்க்குப் பதில் வெந்நீர் வந்த இடம் அது. கொளஞ்சியப்பன் அங்கேதான் மாடு மேய்த்தார். அந்த மேடாவது வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் அவர் வழக்கு.

"மார்கழின்னா அங்க ஒரே ஆவி. ஒரு பொண்ணு துணி துவைக்க வரும். குழாய மூட ஆளுங்க வந்தப்ப, 'மூடுனா என்னையும் சேத்து மூடு'ன்னு பக்கத்துலயே உக்காந்துடுச்சு. வந்தவனுங்க அப்படியே திரும்பிட்டானுவ. அன்னிக்கித்தான் எனக்கு..."

நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கித்தான் என்ன மாமா?" என்றான் பக்கத்துத் தெரு எழிலன்.

"உன் வேலையப் பாருடா."

"மேட்டை விடறதா வேணாமான்னு பஞ்சாயத்துத் தலைவர்தான் முடிவு பண்ணணும். அவங்ககிட்ட கேளுங்க ஐயா," என்றார் அதிகாரி.

"அங்க நான் பேச மாட்டேன்."

மறுபடி சிரிப்பு.

அதிகாரி எழிலன் பக்கம் குனிந்தார். "எலெக்சன் தகராறா?"

"அதைவிடப் பழசு சார்."

"நீயே சொல்லு தம்பி," என்று கொளஞ்சியப்பன் அதிகாரியையே பார்த்துப் பேசினார். "அந்தப் பொண்ணு இந்தக் குத்தகைக்கு ஒத்துக்குமா?"

கைகளைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் எழுந்தன. அவருடையது மட்டும் துண்டுக்குள்ளேயே இருந்தது. தலைவர் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டா. போட்டாச்சு. வீட்ல மீன்கொழம்பு இருக்கு, சூடு பண்ணிச் சாப்புடுங்க. நான் வர நேரமாவும்," என்றார் தலைவர் அமராவதி.

"அது வேற ஆளு," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியைத் திரும்பியும் பாராமல் நடையைக் கட்டினார் கொளஞ்சியப்பன்.