மண்டி படியட்டும்

"கலங்கியிருக்குப்பா" என்று டாம்சின் சொன்னதும் அப்பாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அவள் கவனித்துவிட்டாள்.

மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மல்துணி வழியாக, மூச்சைக்கூட அடக்கித்தான் பாட்டிலைச் சரித்திருந்தாள். அப்படியும் முதல் சொட்டிலிருந்தே புதுவெள்ளம் போல இறங்கியது. கண்ணாடி ஜாடியில் இருந்தது போர்ட் ஒயினா, சேறு கரைத்த தண்ணீரா என்று சந்தேகமாக இருந்தது.

அப்பா ஆம்புரோஸ் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தார். "வாசனை என்னமோ பிளம் பழமா தூக்குது. ஆனா பல்லுல நறநறங்குது. சரி, இன்னொரு வருஷம் கிடக்கட்டும்."

போன வருஷமும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தின வருஷமும்.

அப்பாவின் இந்தப் பிரிஸ்டல் வீட்டு நிலவறையில் அந்த ஒயின் பெட்டியை வாங்கிப் போட்டவள் அம்மா. பேர்போன வருஷத்துச் சரக்கெல்லாம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வடிகட்டாமல் அடைத்து விற்கும் இந்த மலிவு போர்ட்டும் லேசுப்பட்டதல்ல; அசையாமல் படுத்துக் கிடந்தால் மண்டியெல்லாம் ஒரு பக்கமாக ஓடு போல இறுகி, மீதி மாணிக்கமாகத் தெளிந்துவிடும். அதைப் பார்க்க அம்மாவுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

"உங்கம்மா வச்சது தெளியணும். ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, வீட்டை வித்துட்டு, மறுநாளே உன்கூட வந்துடறேன். இப்ப அரைகுறையில தூக்கிட்டு அலைஞ்சா எல்லாம் பாழ்." அப்பா பிடித்த பிடி இதுதான்.

போன குளிர்காலத்தில் அவர் கூடத்தில் விழுந்தார். காலையில் தபால்காரர் ஜன்னல் வழியாகப் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்தார். அதிலிருந்து படுக்கையே முன்னறைக்கு வந்துவிட்டது. எக்ஸிடரில் தன் வீட்டில் டாம்சின் அவருக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து வைத்துக்கொண்டு, போன் அடித்தாலே பதறிக்கொண்டிருந்தாள். அடுத்த குளிரும் வாசலுக்கு வந்தாயிற்று.

"விடு டாம்சி" என்றான் அவள் கணவன் நைஜல். "நேத்தே எடுத்து நிமிர்த்தி வச்சேன். பச்சைப் புள்ளையத் தூக்குற மாதிரிதான் தூக்கிட்டு வந்தேன். படியலைன்னா யார் என்ன பண்றது?"

பாவம், அவன் குறை வைக்கவில்லை. சிலந்திக்குப் பயந்து அவள் நிலவறைப் பக்கமே போகமாட்டாள் என்பதால், வரும்போதெல்லாம் போய்ப் பார்த்துச் சேதி சொல்வது அவன்தான். இப்போதும் சீஸ் மறந்துபோயிற்று என்று கடைக்கு ஓடினான்.

அவன் போனதும் அவளுக்கு ஒரு நப்பாசை. இன்னொரு பாட்டில் தெளிந்திருந்தால்? சிலந்தியாவது ஒன்றாவது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்தக் கோடு கூரையைப் பார்த்தபடி கிடக்க வேண்டும், புரட்டக் கூடாது என்பது இந்த வீட்டில் நடக்கத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். ஒரு பாட்டிலின் கோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றின் கோடு தரையைப் பார்த்தது. பக்கத்தில் உடைந்த நாற்காலியில் விரல்கடை தூசி. பாட்டில்களின் வயிற்றிலோ தூசியே இல்லை, வெறும் கைரேகைதான்.

யாரோ எடுத்து எடுத்துக் குலுக்கியிருக்கிறார்கள். இந்த வீட்டில் குடியிருப்பதே ஒரே ஓர் ஆள்.

மேலே வந்ததும் நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்ப்பா, வரப் பிடிக்கலைன்னா வாயால சொல்றதுக்கென்ன?"

"என்னம்மா சொல்றே?"

"புள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறீங்களே! அம்மா ஆசையா வச்சதைப் போய்ப் போய்க் குலுக்கிட்டு, இன்னும் படியலை படியலைன்னா? வர்றதுக்குத் தயாரா இருக்கிற மாதிரி புஸ்தகத்தை எல்லாம் பெட்டியில கட்டி வச்சு நாடகம் வேற. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லப்பா. எப்ப போன் வருமோ, எங்க விழுந்து கிடக்கீங்களோன்னு..." மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

ஆம்புரோஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் தலையைத் தடவக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

சீஸ் பொட்டலத்தோடு நைஜல் உள்ளே வந்தான். நடந்ததைக் கேட்டான். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, மனைவியின் தோளை ஆதரவாகப் பிடித்தான்.

"பெரியவரைத் திட்டாதேம்மா. அவருக்கு வர இஷ்டமில்லை, நாமளும் எத்தனை தடவைதான் கூப்பிடறது? இதோட விட்டுடலாம்." மாமனார் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான்: "மாமா, இனிமே கீழ போய் பாட்டிலைத் தொடாதீங்க, என்ன?"

ஆம்புரோஸ் மாப்பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை நாள் மகளிடம் சொல்லக் கூசியதை இப்போது சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"முட்டி போனதுலேர்ந்து நான் அந்தப் படியில காலே வைக்கலியேம்மா."