செனில் சால்வை

துணிக்கடையில் செனில் சால்வையைக் கன்னத்தில் வைத்துச் சொக்கிப்போன அம்மாளிடம், விற்பனையாளர் சற்குணம் ஆசையாகப் பெயர்க்காரணமும் சொன்னார். "செனில்னா பிரெஞ்சுல கம்பளிப்பூச்சிங்கம்மா."

அம்மாள் சால்வையை உதறிப் போட்டார். "பட்டுகூடக் கட்டாத வீடு எங்களுது. புழுவையா மூஞ்சில தேய்க்கக் குடுத்தீங்க?"

"வெறும் பருத்திம்மா! நாம பூச்சிக்குக் கம்பளின்னு பேர் வச்சோம். அவன் துணிக்குப் பூச்சின்னு வச்சான். அவ்வளவுதான்."

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "யோவ், விக்கச் சொன்னா பாடம் நடத்துறியா? மன்னிப்புக் கேளு, இல்ல கிளம்பு."

உள்ளதைச் சொன்னதற்கா மன்னிப்பு? சற்குணத்துக்குக் காது மடல் சுட்டது. சால்வையிலிருந்து ஒரு நூலை உருவி முறுக்கைப் பிரித்தார்.

"நல்லாப் பாருங்க. ரெண்டு இழைக்கு நடுவுல நூலைப் பொடிசா வெட்டி வச்சு முறுக்குறாங்க. அதான் முடி மாதிரி சுத்திலும் சிலிர்த்து நிக்குது. இதுல புழு எங்கம்மா இருக்கு?"

பிடி விட்ட துணுக்குகள் மேசையில் கொட்டின. அம்மாள் ஒன்றை விரல்நுனியில் ஒற்றியெடுத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"புழு இல்லதான். ஆனா, போர்த்தினா இப்படித்தான் உதிருமா?"

அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்ற முதலாளி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சற்குணம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.