போடாத ஜோடி

ஏழு லட்சம். காலில் போட்டுவிட்டால் அதில் பாதி தேறினாலே பெரிசு. போடாமல் வைத்திருந்தால்தான் ஏழு.

அதனால்தான் கடைக்காரர் அந்த ஷூவை ஒன்பது வருஷமாக எந்தக் காலையும் அண்டவிடவில்லை. பட்டனை அமுக்கினால் தானே லேஸை இறுக்கிக்கொள்ளும் ஜாதி. உலகத்திலேயே சில நூறு ஜோடிதான். சின்ன சைஸ், அவர் காலுக்கு நுழையாது. அந்தக் குறையைச் சொல்லிச் சொல்லியே அடிமாட்டு விலைக்கு அமுக்கியது.

பீரோவில் தனித் தட்டு. மாதா மாதம் முதல் ஞாயிறு சார்ஜ்.

"என் சக்களத்திக்குப் பசியாத்தியாச்சா?" என்று கேட்பாள் மனைவி.

இன்று சக்களத்தியை வழியனுப்பும் நாள். சாயங்காலத்துக்குள் ஐந்து லட்சம் முன்பணம் கட்டாவிட்டால், பார்த்துவைத்திருக்கும் இரண்டாவது கடை வேறொருவன் கைக்குப் போய்விடும்.

வாங்க வருகிறவர் பதினொரு மணி என்றிருந்தார். பத்தே முக்காலுக்குள் கடைக்காரர் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நாற்பது நடை நடந்துவிட்டார்.

"அதுல பாதி நடையை எனக்குக் குடுங்களேன்," என்றாள் நாற்காலியிலிருந்து.

ஆறு மாதம் முன்பு அவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வலது பாதம் வீங்கியே இருக்கும். கை விரல்கள் லேஸ் கட்டாது. கட்டிவிட ஆள் வேண்டும்.

"சாயங்காலம் வந்து கட்டிவிடறேன்," என்பார் கடைக்காரர். சாயங்காலமும் கடைதான்.

பெல் அடித்தது.

வந்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடிப்பாகத்தைப் பார்த்தார். தூசு இல்லை. உள்ளே முகர்ந்தார். பிறகு இரண்டு பட்டனையும் அமுக்கினார்.

விஷயம் தெரிந்தவர். கால் படாத ஷூ கடைசிவரை இறுகும். கால் பட்டதோ, அந்தக் காலின் அளவை நினைவில் வைத்து அங்கேயே நின்றுவிடும்.

இடது ஷூ முனகிக்கொண்டே இறுகி, பாதியில் நின்றது. வலது அதற்கும் முன்பே, நன்றாகத் தளர்வாக, நின்றுவிட்டது.

"யாரோ போட்டு நடந்திருக்காங்கண்ணே."

"சத்தியமா யாரும்..." என்று ஆரம்பித்தவர் வலது ஷூவின் அகலத்தைப் பார்த்தார். சத்தியமும் பாதியில் நின்றது.

"வாசல் தாண்டல. ஹாலுக்குள்ளதான்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

வந்தவர் சுதாரித்துக்கொண்டார். "மூணரை."

கடைக்காரர் கண் வலது ஷூவை விட்டு நகரவில்லை.

"நாலு. என்னண்ணே, கல்லு மாதிரி நிக்கறீங்க? சரி, அஞ்சு! இதுக்கு மேல போனா என் பொண்டாட்டி என்னை வீட்டுல சேர்க்க மாட்டா."

ஐந்து. முன்பணம் அப்படியே.

"வித்துப்போச்சுங்க," என்றார் கடைக்காரர்.

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு, ஷூவோடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். வலது பாதத்தை மெல்ல உள்ளே நுழைத்தார். லேஸுக்குக் கை நீண்டது.

"விடுங்க. அதுவே கட்டிக்கும்," என்றாள்.

கட்டிக்கொண்டது.

கடையில் எப்பேர்ப்பட்ட கணக்கையும் மனசிலேயே போடுகிறவர். இதையும் போட்டார். கட்டிவிடுகிறேன் என்று சொன்ன சாயங்காலங்கள், நூற்று எண்பத்திரண்டு. கட்டிவிட்டது, ஒன்றுகூட இல்லை.