கேப்டன் நாற்பத்தேழு

"பயப்படாதீங்க கேப்டன், என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. விட்டுட்டா ரெண்டு பேரும் தொலைஞ்சோம்!"

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி கலகலவென்று சிரித்தாள். இந்தப் பக்கம் டீ டம்ளரோடு நின்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இந்தச் சிரிப்பை அவன் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன விண்வெளி விளையாட்டால் வந்த வினை. இன்னும் விற்பனைக்கு வரவில்லை, வெள்ளோட்டம்தான் நடக்கிறது. ஆயிரம் பேரைக் கூட்டி ஆடவிட்டு, என்னென்ன கோளாறு என்று எழுதித் தரச் சொல்லியிருந்தது கம்பெனி. அந்த ஆயிரத்தில் ஒருத்தி இவன் மனைவி.

ஆளுக்கு ஒரே ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓர் அனுமதியும் கொடுத்திருந்தார்கள். அதை அவள் கட்டின புருஷனுக்குத் தரவில்லை.

"எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

"உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் கேம்னாலே ஆகாதே."

"சரி, யாருக்குக் குடுத்த?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றவள், துணி மடிக்கப் போய்விட்டாள்.

தெரிஞ்சவங்களாம், தெரிஞ்சவங்க! அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கோளாறு எழுதும் நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டினான். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை அவனுக்கு முன்னால் படித்துவிடுகிற அவளுடைய குண்டு கையெழுத்தில் பட்டியல் நீண்டது.

'எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது, பெரிதாக்க வழியில்லை. ஒரே நொடியில் மூன்று பட்டனை அமுக்கச் சொல்வது அநியாயம். யார் பேசினாலும் ஒரே தகரக் குரலாகக் கேட்கிறது. பெயர் தெரிவதில்லை, முதுகில் எண் மட்டும்தான். குண்டு பட்டுச் செத்தால் கணக்கே அழிந்துபோகிறது, மறுபடி உள்ளே வரவே முடியாது. நாற்பத்தேழாம் எண் கேப்டன் நேற்று மயிரிழையில் தப்பினார். எனக்கு உயிரே போய்விட்டது.'

முதல் ஐந்தாறு வரிகளை யார் படித்தார்கள்? கடைசி வரியை மட்டும் பத்துத் தடவை படித்தான். எவனோ ஒருத்தன் பொம்மை உலகத்தில் செத்துப்போனால் இவளுக்கு உயிர் போகுமாம். போன மாசம் இவன் ஏணியிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டபோது, "பாத்து ஏறக்கூடாதா?" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

பெரியவர்களிடம் சொல்லி நியாயம் கேட்கலாம் என்றால் மாமனார் வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. பெண் காதலித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று கல்யாணத்துக்கே வராத மனுஷன். அவர் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டவன் இவன். அவளும் வாயைத் திறந்ததில்லை.

செத்தால் கணக்கு அழியும் என்ற வரி மட்டும் மனசுக்குள் இனித்தது. ஒரே ஒரு குண்டு. அப்புறம் எங்கே வருவான் கேப்டன்?

லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஆபீஸ் ஒன்றில் இந்த வெள்ளோட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓர் அனுமதி வாங்கினான். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுடப் பழகினான். விண்கலத்தின் கதவு தானாகக் கழன்று பறப்பதையும், நடந்துகொண்டிருக்கும்போதே தரை காணாமல் போவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி தையல்காரரிடம் போயிருந்தாள். "அரை மணியில வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அது போதும் இவனுக்கு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

விண்கலம் வந்து நிற்கும் மேடையில் ஒரே ஓர் உருவம் தனியாக நின்றது. முதுகில் நாற்பத்தேழு. மகாராணிக்காகக் காத்திருக்கிறார் துரை! இவன் துப்பாக்கியைக் குறிவைத்தான்.

"திரும்புடா. யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கறன்னு எனக்குத் தெரியும்."

நாற்பத்தேழு திரும்ப முயன்றது. தவறான பட்டனை அமுக்கி இரண்டு முறை குதித்தது. ஒருமுறை உட்கார்ந்து எழுந்தது. ஒருவழியாக இவன் பக்கம் முகத்தைத் திருப்பியது.

"நீங்க யாரு?" என்றது தகரக் குரல்.

"தினமும் உன்கூட இளிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவளோட புருஷன்! என் பொண்டாட்டிகிட்ட உனக்கு என்னடா பேச்சு? ஒரே குண்டுதான், இனிமே இந்தப் பக்கமே நீ தலைகாட்ட முடியாது."

நாற்பத்தேழு தன் துப்பாக்கியைக் கீழே போட்டது. அதற்கும் இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. இவன் விரல் பட்டன்மேல் இருந்தது.

தகரக் குரல் மெதுவாகச் சொன்னது.

"சுட்டுடாதீங்க மாப்பிள்ளை... என் பொண்ணுகிட்ட பேச எனக்கு வேற வழி தெரியல."