பந்து போன திசை

ஒஸ்லோ ஏரிக்கரைக் கோல்ஃப் மைதானத்தில் மாலை வெயில் புல்லின்மேல் சாய்ந்து கிடக்கிறது. தமிழ் விழாவுக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கும் பழைய கதாநாயகன் மோகனரங்கன், வெள்ளைத் தொப்பியோடு மட்டையை ஓங்குகிறார். கயிற்றுக்கு அப்பால் ரசிகர்கள் கேமராக்களை உயர்த்துகிறார்கள். அவரைக் காரில் அழைத்து வந்த சாருகா, அருகிலேயே நின்று பந்தைக் கவனிக்கிறாள். காரில் ஏறும்போது அவர் கதவின் பிடியை விரல்களால் துழாவியதை அவள் மட்டும்தான் பார்த்தாள். மட்டை காற்றைக் கிழித்துச் சுழல்கிறது. பந்து வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவரோ புருவத்தின்மேல் கைவைத்துத் தொலைவை நோக்குகிறார்.

“எங்கம்மா போச்சு?”

கூட்டம் பார்ப்பதற்குள் சாருகா நகர்ந்து பந்தை மறைத்து நிற்கிறாள். “ஏரிக்கு அங்காலை போயிட்டுது, சேர்.” பின்னால் கைதட்டல் எழுகிறது. கேமராக்களுக்குக் காட்டும் சிரிப்பு மாறாமலே அவர் அவளிடம் மெல்லச் சொல்கிறார்: “அடிச்ச சத்தமே கேக்கலையேம்மா.”