காந்தா மெஸ்ஸில் உக்கார எடமில்ல

“மச்சான், இங்க ஒருத்தரும் பேசல, கவனிச்சியா?” துரை என் காதுல ஊதினான்.

“சோறு துன்றப்ப நீதான்டா பேசுவ. மத்தவங்க துன்னுவாங்க.”

சொல்லிட்டேனே தவிர, எனக்கும் ஒரு மாரிதான் இருந்துது.

போன வாரம் லோக்கல் கேபிள்ல காட்னாங்க. இரும்புலியூர் காந்தா மெஸ். பெஞ்சு நெறய ஆளுங்க, கொனிஞ்ச தலை நிமிராம சாப்ட்டுகினு இருந்தாங்க. ‘மீன் கொழம்புக்கு உக்கார எடமில்ல’ன்னான் மைக் புடிச்சவன். காலேஜை வுட்ட எனக்கும் வேலையை வுட்ட துரைக்கும் மத்தியானத்துல வேற இன்னா ஜோலி? சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சு வந்துட்டோம்.

உள்ள வந்தா, டிவில பாத்த அதே ஆளுங்க. அதே எடம். எதிர் பெஞ்சுல அதே முறுக்கு மீசைக்காரர். எங்களுக்குன்னே வெச்ச மாரி நடுவுல ரெண்டு எடம் காலி.

காந்தாக்கா வந்துது. நெத்தில பொட்டு இல்ல. எலை போட்டு, சோறு வெச்சு, வஞ்சிரத் துண்டோட கொழம்ப ஊத்திச்சு. எங்க வாயையே பாத்துட்டு அடுப்பாண்ட போயிடுச்சு.

மொத வாய் வெச்சேன். சும்மா சொல்லக் கூடாது, கொழம்பு சூப்பர்.

நிமுந்தேன். மெஸ்ஸே என் வாயப் பாத்துகினு இருந்துது. நான் பாத்ததும் அத்தினி தலையும் ஒண்ணா கொனிஞ்சுது.

அடுத்தவன் எலைய பாக்கக் கூடாது, கண்ணு படும்னு வூட்ல சொல்லித்தான் வளத்தாங்க. எனக்கு எந்த வளப்பு ஒட்டிச்சு, இது ஒட்ட? பக்கத்துல இருந்த அம்மாவோட எலைய ஓரக்கண்ணால பாத்தேன்.

ஒண்ணும் இல்ல.

பருக்கை இல்ல, முள்ளு இல்ல. தண்ணி தெளிச்ச வெறும் எலை. அந்தம்மா கை அதுமேல பெசையுது. உருட்டுது. வாய்க்குப் போவுது. மெல்றாங்க. முழுங்கறாங்க.

அதுக்கு அடுத்த எலை? வெறும் எலை. மீசைக்காரர்? வெறும் எலை. வெரலை வேற நக்கினாரு.

“துரை, கொனிஞ்சு பெஞ்சுக்கு அடில பாரு. எல்லாருக்கும் கால் கீதா?”

கொனிஞ்சான். நிமுந்தப்ப மூஞ்சில ரத்தமே இல்ல.

“கீது மச்சான். ஆனா ஒண்ணு கூட ஆடல. ஓடிர்லாம்!”

எழுந்தான். அந்தம்மா இடது கைய என்னைத் தாண்டி நீட்டி அவன் மணிக்கட்டைப் புடிச்சுது.

“அய்யோ! சில்லுனு கீதுடா!”

“காத்தாலேர்ந்து ஐஸ்ல கைய வுட்டு மீன் விக்கிறேன், பின்ன சூடாவா இருக்கும்? கத்தாம குந்துடா, பேமானி.”

குந்தினான். அந்தம்மா பேரு பாப்பா. கோவளத்துலேர்ந்து மீன் கொண்டாந்து தாம்பரத்துல விக்கிறவங்க.

“அப்ப ஏன்க்கா வெறும் எலைய பெசையிறீங்க?” நான் கேட்டேன்.

“காந்தா வூட்டுக்காரன் எத்திராஜு அந்த அடுப்பாண்டதான் வுழுந்து செத்தான். நெஞ்சு வலி. அதுலேர்ந்து இங்க காத்து கீது, கருப்பு கீதுன்னு ஒரு ஈ காக்கா வரல. மெஸ்ஸ மூடினா அவ அண்ணன் வூட்ல போய் பத்துப் பாத்திரம் தேய்க்கணும். அதான் கேபிள்காரன் வந்தன்னிக்கு நாங்க கூட்டமா வந்து குந்தினோம்.”

“சரி, குந்தினவங்க சாப்ட வேண்டிதான?”

“சாப்ட்டோமே! மொத நாளு நாங்களே துன்னு தீத்துட்டோம். டிவி பாத்து வந்தவங்க காலிப் பானையப் பாத்துட்டுத் திரும்பிப் பூட்டாங்க. இப்ப வூட்லயே கஞ்சி குடிச்சிட்டு வந்துடறோம். ஆளே இல்லாத கடைல எவன்டா நொழைவான்?”

“யாராச்சும் கண்டுபுடிச்சிட்டா?”

“எவன் அடுத்தவன் எலைய எட்டிப் பாப்பான்? இத்தினி நாள்ல நீ ஒருத்தன்தான்.”

நானும் துரையும் தலை நிமிராம சாப்ட்டோம். எலை காலியாச்சு. எழுந்துக்கறதுக்குள்ள வாசல்ல ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுது. புருசனும் பொண்டாட்டியும். உள்ள வரலாமா வேணாமான்னு எட்டிப் பாத்தாங்க. வாசலோரம் குந்தியிருந்த ரெண்டு பேரு எலைய மடிச்சுட்டு எடம் வுட்டாங்க.

துரை என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். ரெண்டு பேரும் வெறும் எலைல கைய வெச்சுப் பெசைய ஆரம்பிச்சோம்.

“இன்னாடா, மாவு பெசையிற மாரி?” மீசைக்காரர் பல்லைக் கடிச்சுகினு கிசுகிசுத்தாரு. “பசிச்சவன் அப்டி பெசைய மாட்டான். இருவது வருசமா ஓட்டல் நடத்துறவன் சொல்றேன், கேளு.”

“எந்த ஓட்டல்ணா?”

மீசையாலயே ரோட்டுக்கு அந்தாண்ட காட்டினாரு. ‘சுப்பராயலு சாப்பாட்டு ஓட்டல்’னு போர்டு. நல்ல பசி நேரத்துல, ஷட்டர் எறக்கி பூட்டு போட்டிருந்துது.